நன்னாரி வேர், பொடியாகிக் கடைக்குப் போகும் வரை

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் நன்னாரி வேரைப் பொடியாக்குவதில் முதல் வேலை, வந்தது நன்னாரிதானா என்று பார்ப்பது. அசல் வேர் பென்சிலைவிட மெல்லியது, வளைந்து நெளிந்திருக்கும், கருஞ்சிவப்புத் தோலில் குறுக்கே வெடிப்பு ஓடும். விரலைவிடத் தடித்துச் சதைப்பற்றாக இருந்தால் அது மாகாளிக் கிழங்கு. இரண்டுக்கும் மணம் தரும் பொருள் ஒன்றே, அதனால் மூக்கை நம்ப முடியாது. பொடியான பிறகு கண்ணாலும் பிரிக்க முடியாது. வேலூர் லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினாலும் வேராகவே வாங்குங்கள்.

மண் போக வேரை ஊறப்போடக் கூடாது. ஓடும் தண்ணீரில் தேங்காய் நாரால் தேய்த்து, உடனே வடிய விட வேண்டும். ஈரம் இருக்கும்போதே மரச்சுத்தியலால் லேசாகத் தட்டினால் தோல் பிளந்து நடு நரம்பு தனியே வரும். வாசனை தோலில்தான், நரம்பு வெறும் மரம். அதை நீக்கினால் எடை நன்றாகவே குறையும். விலை போடும்போது பலர் இதை மறந்துவிட்டு நஷ்டப்படுகிறார்கள்.

வேலூர் வெயிலில் நேராகக் காயப்போட்டால் வாசனை பறந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில் ஒரு வாரம். ஒடித்தால் ‘டக்’கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

மிளகாய் அரைத்த மெஷினில் போட்டால் அந்த நெடி விடவே விடாது. மெஷின் கைக்குச் சுட்டால் நிறுத்தி ஆறவிட்டு, இரண்டு முறையாக அரையுங்கள். சூட்டோடு பாக்கெட் போட்டால் உள்ளே வியர்த்துக் கட்டி கட்டும்.

குளியல் பொடிக்கு வஸ்திரகாயம் செய்த, அதாவது மெல்லிய துணியில் சலித்த, நைஸ் பொடி, கஷாயத்துக்குக் குறுணை. சர்பத் போடுகிறவர்கள் பொடி கேட்டாலும் ஒன்றிரண்டாக இடித்த வேரையே கொடுங்கள். பொடி துணியில் அடைத்துக்கொள்ளும், பாட்டிலில் அடியில் தங்கும். 100 கிராம் வேருக்கு ஒன்றேகால் லிட்டர் கொதிநீர், மூடி வைத்து 12 மணி நேரம். வடித்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நிற்கும், அதற்கு 2 கிலோ சர்க்கரை. சர்க்கரையைக் குறைத்தால் சில நாளிலேயே நுரைத்துப் புளிக்கும். கடைசியில் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அடியில் கற்கண்டு கட்டாது.

விற்கும்போது ஒரு எச்சரிக்கை. உணவுப் பொருளாக விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். லேபிளில் ‘மூத்திரக் கடுப்பைத் தீர்க்கும்’ என்று ஒரு வரி எழுதினால் அது மருந்துக் கணக்கில் போய்விடும், சித்த மருந்து தயாரிப்பு உரிமம் கேட்பார்கள். அந்த வரியை எழுதாதீர்கள். சூரணத்துக்கு, அதாவது மருந்துப் பொடிக்கு, சித்த முறையில் ஆயுள் 3 மாதம். நாங்கள் அரைத்த தேதியையே போட்டு, 3 மாதத்துக்குள் தீரும் அளவு மட்டுமே அரைக்கிறோம். மீதி வேராகவே இருக்கட்டும், வாசனை அதில்தான் நிற்கும்.