ஆடிக்காற்றும் ஆறு விசிறியும்

ஜூலை 12, சனி

மதிப்பெண் பட்டியல் கிடைத்துவிட்டது. பீரோ மேல்தட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்தது. ட்ரோன் ஓட்டும் சான்றிதழுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும், வயது 18-லிருந்து 65-க்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் குறையில்லை. பாஸ்போர்ட் இல்லையே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். 2023 செப்டம்பரில் விதியைத் திருத்திவிட்டார்களாம், வாக்காளர் அட்டை இருந்தால் போதும்.

பட்டியலில் அப்பா ஓர் எழுத்தாக என் பெயருக்கு முன்னால் நிற்கிறார். ஆதாரில் முழுசாகப் பின்னால் வருகிறார். வாக்காளர் அட்டையில் அப்பாவே இல்லை, இவர்தான் இருக்கிறார். பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 14, திங்கள்

நாள் முழுக்க விதி. எல்லாம் 2021 ஆகஸ்ட் 25-இல் வந்த ட்ரோன் விதிகளிலிருந்துதான். 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், அதற்கு மேல் மீடியம், லார்ஜ். வயலுக்கு மருந்தடிக்க நாங்கள் வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பது ஸ்மால். தம்பி மகன் வைத்திருக்கும் 249 கிராம் பொம்மைக்குச் சான்றிதழே வேண்டாம் என்று போனில் சொன்னதும் அவனுக்கு ஒரே சிரிப்பு. சிவப்பு மண்டலம் உனக்கும் சிவப்புதான்டா என்றேன்.

பச்சை மண்டலத்தில் 400 அடி வரை யாரையும் கேட்க வேண்டாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரைதான் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். பயிருக்கு மேல் பத்தடியில் போகப்போகிற எனக்கு 400 அடிக் கணக்கு எதற்கு என்று தோன்றியது. ஆனால் வரைபடத்தை ஒவ்வொரு முறையும் பறக்கும் முன் பார்க்கச் சொல்கிறார் பயிற்சி கொடுக்கிற சார். நேற்றுப் பச்சையாக இருந்த இடத்தை இன்று தற்காலிகச் சிவப்பாக்கலாம், 96 மணி நேரம் வரை. பெரிய தலைவர் யாராவது வந்தால் போதும்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று வானிலை அறிக்கை படிப்பது. விமானிகளுக்கு அனுப்பும் மெட்டார்.

26012 கேடி. முதல் மூன்று எண் திசை, அடுத்த இரண்டு வேகம், கேடி என்றால் நாட். 260 டிகிரியிலிருந்து 12 நாட். ஒரு நாட் 1.852 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 22 கிலோமீட்டர் ஆகிறது. காற்று எங்கே போகிறது என்பது இல்லை, எங்கிருந்து வருகிறது என்பதுதான் கணக்கு. வகுப்பில் பாதிப் பேர் தலைகீழாக எழுதியிருந்தார்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. 260 என்றால் மேற்கு. மேற்கேயிருந்து வந்தால் கிழக்கே போகும். கிழக்கே சின்னம்மாவின் மல்பெரித் தோட்டம்.

ரேடியோவில் எழுத்துகளைச் சொல்லும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. விமானம் அனுப்பும் குறியீட்டு எண்களும்தான். 7700 அவசரம், 7600 ரேடியோ செத்துவிட்டது, 7500 விமானக் கடத்தல். என் ட்ரோனை யார் கடத்தப்போகிறார்கள்.

ஜூலை 16, புதன்

சிமுலேட்டர். இடது ஸ்டிக் மேலே கீழே என்றால் ஏறும் இறங்கும், பக்கவாட்டில் தள்ளினால் நின்ற இடத்திலேயே திரும்பும். வலது ஸ்டிக் முன், பின், இடம், வலம். ட்ரோனின் முதுகு என் பக்கம் இருக்கிற வரை பிள்ளை விளையாட்டு. மூக்கு என் பக்கம் திரும்பியதும் எல்லாம் மாறிவிடுகிறது. வலது என்று தள்ளினால் என் இடது பக்கம் ஓடுகிறது. மூளைக்குத் தெரிகிறது, கட்டை விரலுக்குத் தெரியவில்லை. கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி, "அக்கா, விழுந்தா விழட்டும், கம்ப்யூட்டர்தானே" என்கிறான். அவனும் மரத்தில்தான் மோதிக்கொண்டிருக்கிறான்.

ராத்திரி இரண்டு மணி. கூரையில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கட்டை விரலை அசைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. மைதானத்துக்குப் போய்விட்டு அப்படியே திரும்பி வந்தோம். அம்மி பறக்கும் பழமொழியை இன்றைக்கு ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். வாட்ச்மேன் உட்பட.

ஜூலை 18, வெள்ளி

காற்று.

ஜூலை 19, சனி

பறக்க முடியாததால் மேசை மேல் பாடம். விசிறிகளைக் கழற்றிவிட்டுத்தான் மோட்டாரைச் சோதிக்க வேண்டும், இதில் சலுகையே கிடையாது. சார் இடது கை ஆள்காட்டி விரலைக் காட்டினார். நகம் குறுக்கே பிளந்து வளர்ந்திருக்கிறது. எப்படி என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அடுத்தடுத்த விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒன்றின் முறுக்கை மற்றொன்று தின்றுவிடுவதால்தான் உடம்பு சுற்றாமல் நிற்கிறது. நாலு விசிறியில் ஒன்று நின்றால் பெரும்பாலும் அவ்வளவுதான். ஆறில் ஒன்று போனால், பாரம் அதிகமில்லை என்றால், சமாளித்து இறக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. பாரம் அதிகமில்லை என்றால். எங்களுடையதில் பத்து லிட்டர் மருந்து இருக்குமே.

மத்தியானத்திலிருந்து இதுதான் ஓடுகிறது. விழுந்தால் எங்கே விழும்? கீழே யார் நிற்பார்கள்? மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், நானோவுக்கு மட்டும் விலக்கு. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையதளம் வழியாக விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் விழுந்த பிறகு. விழாமல் இருக்க? வரப்பில் ஆள் நடமாட்டம் இருந்தால் ஏற்றாதே. தலைக்கு மேல் கொண்டுபோகாதே. கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே வைத்திரு. மூன்றையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அப்புறம் விழாமலே செய்கிற கெடுதல் ஒன்று இருக்கிறது, அது நோட்டில் இல்லை. மருந்துச் சாரல் காற்றோடு போய் மல்பெரி இலையில் படிந்தால், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு பிழைக்காது. யார் தலையிலும் எதுவும் விழுந்திருக்காது, 48 மணி நேரக் கணக்கும் வராது. சின்னம்மாவின் ஒரு பருவத்து வருமானம் போயிருக்கும்.

இவர் போன் பண்ணினார். பெட்டி மேல் பூனை படுத்திருக்கிறதாம். விரட்டுங்கள் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

பறந்தேன்!

காலை ஐந்தே முக்காலுக்கு மைதானம். காற்று எழுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சார் எல்லோரையும் இருட்டிலேயே கிளப்பிவிட்டார். தரையில் இலை அசையவில்லை. ஆனால் நாற்பது அடிக்கு ஏற்றியதும் ட்ரோன் சாய்ந்துகொண்டு நிற்கிறது. மேலே வேறு காற்று. கீழே நிற்கிற நம் கன்னத்தை நம்பக் கூடாது.

ஜிபிஎஸ் இருக்கிறவரை நிறுத்திய இடத்தில் நிற்கிறது. பிறகு சார் சுவிட்சைத் தட்டி ஆட்டி மோடுக்கு மாற்றினார். உயரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது, மற்றபடி காற்றோடு போகிறது. கையை எடுத்தால் நிற்காது, எதிர்ப்பக்கம் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். வீடியோத் தம்பிக்கு வியர்த்துவிட்டது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஏனென்று தெரியவில்லை. ஜிபிஎஸ்ஸில் அது பறக்கிறது, இதில் நான் பறக்கிறேன்.

மூக்கு என் பக்கம் திரும்பியபோது பழையபடி கை நடுங்கியது. சார் ஒன்றே ஒன்று சொன்னார். "இடது, வலது எல்லாம் மறந்துடுங்கம்மா. எந்தப் பக்கம் தாழுதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கை முட்டுக் கொடுங்க." தாழ்ந்த பக்கம் தள்ளினேன். நிமிர்ந்து நின்றது. மறுபடி தாழ்ந்தது, மறுபடி முட்டு. இத்தனை நாள் இதை ஏன் யாரும் சொல்லவில்லை!

ஜூலை 22, செவ்வாய்

சதுரம், வட்டம், எட்டு. நேர்க்கீழே வேகமாக இறக்கினால் தன் காற்றிலேயே தான் சிக்கிக் குலுங்குகிறது, கொஞ்சம் முன்னே நகர்த்தி இறக்க வேண்டும். பருந்து வந்தால் பயந்து இறக்காமல் மேலே ஏற்ற வேண்டும். பருந்து வரவில்லை. வந்திருக்கலாம்.

பேட்டரியில் ஆறு செல். ஒன்றுக்கு 4.2 வோல்ட், நிறைந்தால் 25.2. நிறைத்தபடியே நாள்கணக்கில் வைக்கக் கூடாது, செல்லுக்கு 3.8-க்கு இறக்கி வைக்க வேண்டும். உப்பினால் தூக்கிப் போடு, யோசிக்காதே. ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். போனில் இவரிடம் இதைச் சொன்னால் ம் கொட்டுகிறார். அந்த ம் எனக்குத் தெரியும்.

ஜூலை 24, வியாழன்

எழுத்துத் தேர்வும் முடிந்தது, பறப்புத் தேர்வும் முடிந்தது. எட்டு கொஞ்சம் கோணலாக வந்தது. பாஸ்.

ஜூலை 28, திங்கள்

சான்றிதழ் வரவில்லை. முன்பு இயக்குநரகமே உரிமம் கொடுத்துக்கொண்டிருந்ததாம். 2022 பிப்ரவரியில் அதை எடுத்துவிட்டு, பயிற்சி நிறுவனமே இணையதளம் வழியாகச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். வேலை சுலபமாகத்தான் ஆகியிருக்கிறது. வீடியோத் தம்பிக்கு வந்துவிட்டது.

எனக்குப் பெயர் ஒத்துவரவில்லையாம்.

ஜூலை 31, வியாழன்

அப்பா ஓர் எழுத்தா, முழுசா? போனில் ஒருவர் ஆதாரில் உள்ளபடி என்கிறார், இன்னொருவர் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி என்கிறார். இரண்டும் நான்தானே என்றால், "அது எங்களுக்குத் தெரியும் மேடம், சிஸ்டத்துக்குத் தெரியாது" என்கிறார்கள். மண்டல வரைபடத்தை இன்றும் பார்த்தேன். பச்சை. பச்சையாக இருந்து என்ன.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மக்காச்சோளக் குருத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. விரித்துப் பார்த்தால் மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கடியில் படைப்புழு. எங்களுடையதில் மட்டுமல்ல, வரிசையாக எல்லார் வயலிலும். எப்போது வருகிறாய் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சண்டை. "நம்ம வயல், நம்ம மிஷின், யார் வந்து பார்க்கப்போறாங்க" என்கிறார். மைக்ரோ வரை சொந்த உபயோகத்துக்குச் சான்றிதழ் வேண்டாம், இது ஸ்மால், ஒரு லட்சம் வரை அபராதம் போடலாம் என்றேன். அபராதம் அவருக்கு உறைத்தது. எனக்கு அது காரணமே இல்லை. சின்னம்மா வீட்டில் புழு நாலாம் பருவத்தில் இருக்கிறது, இலையை வாரி வாரிப் போடுகிறார்கள். காற்று 260. இன்றைக்குச் சான்றிதழ் கையில் இருந்தாலும் நான் ஏற்றியிருக்க மாட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்புறம் எதற்கு வாங்கினோம் என்பார்.

கைத்தெளிப்பானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

புதன் வந்தும் போன் வரவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வந்துவிட்டது. பத்து வருஷம் செல்லும். அப்பா முழுசாக இருக்கிறார். எப்படிச் சரியானது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சின்னம்மாவிடம் போய்ப் பேசினேன். கிழக்கு ஓரத்தில் பத்து வரிசையைக் கையாலேயே அடித்துக்கொள்கிறோம், மீதிக்கு மட்டும்தான் ட்ரோன், அதுவும் விடியலில் காற்று அடங்கியிருந்தால்தான் என்றேன். அவர் அன்றைக்குத் தேவையான இலையை முந்தின நாளே அறுத்து வைத்துக்கொள்கிறாராம். எந்த நாள் என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் போன் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பேட்டரி ஏறிக்கொண்டிருக்கிறது, 24.6 காட்டுகிறது. பக்கத்தில் இவரை உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன். கூப்பிடுகிறார், என்னவோ சத்தம் வருகிறதாம்