கங்கா தலாவுக்கு நடந்த நாள்

பழனிக்குப் பாதயாத்திரை போன கால் இது, மொரிஷியஸில் என்ன பெரிய தூரம் வந்துவிடப்போகிறது என்று இளக்காரமாகத்தான் கிளம்பினேன். சிவராத்திரிக்குத் தீர்த்தம் எடுக்கப் போகும் கங்கா தலாவ் ஏரி, தெற்குக் கடற்கரை ஊரான சுயாக்கிலிருந்து ஒரே நாள் நடை. ஆனால் ஏரி இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 550 மீட்டரில். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கூட வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். ஐந்தாறு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் கிரியோல் மொழிதான், தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்தது. "தம்பி, நீர் பருகுகிறீர்களா?" என்று வழி நெடுக பாட்டிலை நீட்டுவார். முதல் தடவை சிரிப்பை அடக்கச் சிரமமாக இருந்தது.

விடியும்போது இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. ஜூனில்தான் வெட்டு ஆரம்பம் என்பதால் காற்றே நுழையாத பச்சைச் சுவர். ரிவியேர் தெஸ் அங்குயில் ஊரைத் தாண்டியதும் வெள்ளை உடுப்பில் இளைஞர்கள் கூட்டமாகச் சேர்ந்துகொண்டார்கள். தோளில் மூங்கிலில் கட்டிய கான்வர். ஜிகினாத் தாள், சின்னச் சின்னக் கண்ணாடி, மணி. நம் காவடிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. சிலர் சக்கரம் வைத்து வீட்டளவு கான்வரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் கார்கள் ஊர்ந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை; தோளில் ஏறாதது என்ன காவடி?

யாரோ "ஹர ஹர மகாதேவ்" என்று கத்த, அண்ணன் பழக்க தோஷத்தில் "அரோகரா!" என்றார். இரண்டும் ஒன்றுதானே. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏற ஏறக் கரும்பு மறைந்து புவா ஷெரியின் தேயிலை வந்தது. கூடவே மழையும். புது ஷூவுக்குள் தண்ணீர் போய் இடது குதிகாலில் கொப்புளம். ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து கழற்றினேன். அங்கிருந்த அம்மா எதுவும் கேட்காமல் ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி, சூடாக நாலு 'கதோ பிமா' வைத்துக் கொடுத்தார். கடித்தால் அச்சு அசல் நம் பருப்பு வடை, அளவுதான் சின்னது. வடையை ரொட்டிக்குள் வைப்பதா என்று நினைத்தவன்தான், இரண்டாவதும் வாங்கினேன். மேலே வெனிலா மணக்கும் தேநீர்.

1897இல் வடக்கே த்ரியோலே ஊர்ப் பூசாரி ஜும்மன் கிரியின் கனவில் வந்த ஏரியாம் இது. மறு வருஷமே ஊரார் நடந்து வந்துவிட்டார்கள். அப்போது பேர் பரி தலாவ். 1972இல் இமயமலைக் கோமுகத்துக் கங்கை நீரைக் கலந்த பிறகுதான் கங்கா தலாவ்.

மூடுபனிக்குள் 33 மீட்டர் சிவன் முதலில் முட்டி வரைதான் தெரிந்தார். கரையில் சாம்பிராணிப் புகை, ஈரத் துணி, நகர முடியாத கூட்டம். படியில் குனிந்து நான் பிளாஸ்டிக் பாட்டிலில் மொண்டேன். அண்ணன் பித்தளைச் சொம்பில். சிவராத்திரி இரவு எங்கள் ஊர்க் கோயில் அபிஷேகத்துக்கு அது.

இறங்க பஸ்தான். சொம்பை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கேட்டார்: "தம்பி, தங்கள் பாதங்கள் நலமா?"

இந்தத் தடவை அடக்கவே முடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்ததில் கொஞ்சம் கங்கை என் சட்டையில் கொட்டியது.