வீட்டிலிருந்தே பத்தும் பன்னிரண்டும்: டெல்டா பக்கத்துப் பெற்றோருக்கு

பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிக்க வைக்கிறோம் என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்துப் பெற்றோர் முதலில் கேட்பது, "எந்த ஆப் நல்லா இருக்கும்?" என்பதுதான். கும்பகோணத்திலிருந்தும் கேட்கிறார்கள், மன்னார்குடியிலிருந்தும் கேட்கிறார்கள். உண்மையில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எட்டாம் வகுப்பு வயது வரை எதை வேண்டுமானாலும் எந்த வரிசையிலும் படிக்கலாம். ஒன்பதாம் வகுப்பு வயது வந்துவிட்டால் முதலில் முடிவெடுக்க வேண்டியது சான்றிதழைப் பற்றி. எந்த வாரியத்தில் பரீட்சை எழுதப் போகிறார்கள், அந்தச் சான்றிதழை எந்தக் கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் பாடங்கள் தெரியும். பாடங்கள் தெரிந்தால் வருடத்தைப் பிரித்துக்கொள்ளலாம். வீடியோவும் ஆப்பும் அப்புறம்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மகள் வீட்டிலிருந்தபடியே பத்தும் பன்னிரண்டும் முடித்து இப்போது பட்டப் படிப்பில் இருக்கிறாள். மகன் பத்தாம் வகுப்புப் பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறான். இவர்கள் இருவரோடும் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து நடைமுறைக்கு ஒத்துவரும் வழிகள் இரண்டு. ஒன்று, மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதுவது. பள்ளிக்கே போகாத பிள்ளை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வைப் பன்னிரண்டரை வயதில் எழுதலாம், பத்தாம் வகுப்பைப் பதினான்கரை வயதில் எழுதலாம். சமச்சீர்ப் புத்தகம்தான் பாடம் என்பதால் பக்கத்து வீட்டு டியூஷன் அக்காவிடம்கூடச் சந்தேகம் கேட்கலாம். ஆனால் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சி உண்டு. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பைத் தொடர்ந்து பார்க்கிற பொறுமை இருந்தால் இந்த வழி நல்ல வழி.

இன்னொன்று என்.ஐ.ஓ.எஸ். 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி 2002இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்ற இப்போதைய பெயருக்கு மாறிய மத்திய அரசு நிறுவனம் இது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது, பன்னிரண்டுக்கு 15 வயது நிறைந்திருந்தால் சேரலாம். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். வேண்டுமானால் கூடுதலாக இரண்டு எடுக்கலாம். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டு செல்லும், ஒன்பது முறை தேர்வு எழுதலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியிலேயே எழுதலாம். எங்கள் வீட்டில் இருவருக்கும் இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். மகளுக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும், மொழி வேகமாக வரும். தயாரான பாடத்தை முதலில் எழுதிவிட்டு, கணக்குக்கு இன்னொரு பருவம் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இந்த வசதி கிடைத்திருக்காது.

வெளிநாட்டு வாரியங்களின் ஆன்லைன் பள்ளிகளும் இருக்கின்றன. கட்டணம் நம் கைக்கு எட்டாது. பரீட்சைக்கும் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். பிள்ளை வெளிநாட்டில்தான் படிக்கப்போகிறது என்று உறுதியாக இருந்தால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொரு விஷயத்தையும் பெற்றோரிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அப்படிப் படித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளை இவற்றையெல்லாம் இழக்க நேரும். கையில் பணப்புழக்கம் குறைவாக இருக்கும் குடும்பத்துக்கு, பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளியும் இருந்தால், அங்கேயே படிக்கட்டும். வீட்டுக் கல்வி அதைவிட உயர்ந்தது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பள்ளி ஒத்துவராத பிள்ளைக்கும், வேறு ஒரு வேகம் தேவைப்படும் பிள்ளைக்கும்தான் இது.

சரி, பாடத் தேர்வுக்கு வருவோம். இதைப் பன்னிரண்டுக்கு அப்புறம் என்ன என்பதிலிருந்து பின்னோக்கிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கட்-ஆஃப். அதனால் அந்த மூன்றையும் விட முடியாது. மத்திய அரசுப் பொறியியல் கல்லூரியான என்.ஐ.டி. கனவு இருந்தால் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு மட்டும் போதாது. பொதுப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதமாவது வேண்டும், அல்லது வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் 33 எடுத்தாலே பாஸ் என்பதை நம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் க்யூட் எழுத வேண்டும் என்று பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள். திறந்தநிலைப் பள்ளிப் பிள்ளைகள் நீட் எழுத முடியாது என்ற பேச்சு இன்னும் ஊரில் உலவுகிறது. முன்பு அப்படி ஒரு தடை இருந்தது, நீதிமன்றங்கள் வழியாக அது விலகிவிட்டது.

மகளுக்கு ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என்று ஐந்தும், ஆறாவதாகத் தமிழும் எடுத்தோம். தமிழ் எதற்கு, சுமைதானே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். அது ஒரு காரணம். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த பிள்ளை ஒரு பக்கம் பிழையில்லாமல் தமிழில் எழுதத் தெரியாமல் வளரக் கூடாது என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

அடுத்து வருடக் கணக்கு. ஆன்லைன் பாடத்திட்டம் போட்டுத் தருகிறவர்கள் யாரும் நம் ஊர் மழையைக் கணக்கில் எடுப்பதில்லை. என்.ஐ.ஓ.எஸ். பொதுத் தேர்வு ஏப்ரல்-மேயில் ஒருமுறை, அக்டோபர்-நவம்பரில் ஒருமுறை. இரண்டாவது பருவம் சரியாக வடகிழக்குப் பருவமழையில் வந்து விழுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. தேர்வு மையம் வேறு ஊரில் விழுந்தால், தண்ணீர் நிற்கிற ரோட்டில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் முக்கியப் பாடங்களை ஏப்ரல்-மேயில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரை விட்டுப்போன பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் தேர்வுக்கான சேர்க்கை முந்தைய ஆண்டு மார்ச் வாக்கில் தொடங்கி ஜூலை வரை நடக்கும். தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் ஜூனில் மேட்டூர் திறக்கும்போது படிப்பும் தொடங்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கணிதம், இயற்பியல், வேதியியலில் புதுப் பாடங்கள். நெட் ஓரளவு ஒழுங்காக இருக்கும் காலம் என்பதால் வீடியோ பார்ப்பதெல்லாம் இப்போதுதான். மழை மாதங்களுக்குத் தேவையானதை முன்கூட்டியே டவுன்லோடு செய்து மெமரி கார்டில் போட்டுவிடுவோம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புத்தகமும் பேனாவும் மட்டும் போதும் என்கிற வேலைகள்: தமிழ், ஆங்கிலம், உயிரியல் படம் வரைவது, டி.எம்.ஏ. என்னும் ஒப்படைவு எழுதுவது. பொங்கலும் சம்பா அறுப்பும் சேர்ந்து வரும் நாட்களில் படிப்பைக் குறைத்துவிடுவோம். களத்தில் ஆள் தேவைப்படும்போது பிள்ளையை அறையில் பூட்டி வைத்தால் அது மனசு ஒட்டிப் படிக்காது. பிப்ரவரியும் மார்ச்சும் முழுக்கப் பழைய வினாத்தாள்.

டி.எம்.ஏ. என்பது வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைவு. அதற்கு 20 சதவீத மதிப்பெண். பல பாடங்களில் ஏறக்குறைய 40 சதவீதப் பகுதியை டி.எம்.ஏ.வுக்கும் மீதி 60 சதவீதத்தைப் பொதுத் தேர்வுக்கும் பிரித்துவிட்டார்கள். எந்தப் பாடம் எதில் வருகிறது என்ற பட்டியல் இணையதளத்தில் இருக்கிறது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டாமல் படிப்பைத் தொடங்காதீர்கள். ஆனால் கல்லூரிக்கும் நுழைவுத் தேர்வுக்கும் போகிற பிள்ளை 40 சதவீதப் பகுதியைத் தள்ளிவிடக் கூடாது. க்யூட்டும் நீட்டும் இந்தப் பிரிவைப் பார்ப்பதில்லை.

இப்போது அந்த ஆப் கேள்வி. ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம், ஒரு வீடியோ. அவ்வளவுதான். என்.ஐ.ஓ.எஸ். புத்தகம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. அதே பாடங்கள் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்திலும் இருக்கின்றன. விளக்கம் போதாத இடத்தில் தமிழ்நாடு பாடநூலை எடுப்போம், உயிரியலுக்கு அது நன்றாகவே இருக்கிறது. கணக்குக்குக் கான் அகாடமி இணையதளம். இயற்பியலில் மின்சுற்று, அலை மாதிரியான இடங்களுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் கணினிச் சோதனைகள். இவை எல்லாமே காசில்லாதவை. பெரிய தொகை கட்டி வாங்கிய ஒரு பயிற்சி நிறுவனத்தின் தொகுப்பு எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாதி பார்த்த நிலையில் கிடக்கிறது. திரையில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பார்க்கிறபோது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். மூடிவிட்டுக் கணக்கைத் தானாகப் போடும்போதுதான் தெரியும்.

வயலும் பாடம்தான் என்று பலரும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எப்படிப் பாடமாக்குவது என்று ஒன்றைச் சொல்கிறேன். நெற்பயிருக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதுமா என்று பார்க்க இலை வண்ண அட்டை ஒன்று உண்டு. நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, வெயில் நேராக விழாமல் நம் நிழலில் வைத்து, நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். பத்து இலையில் ஆறு அல்லது அதற்கு மேல் குறித்த அளவுக்குக் கீழே இருந்தால் யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த அளவு 3, மற்ற ரகங்களுக்கு 4. மகள் ஒரு குறுவையில் இதை நோட்டில் குறித்தாள். இலை, பட்டை எண், சராசரி, வரைபடம். "பாப்பா, இந்த வாரம் போடலாமா?" என்று அவள் அப்பா வரப்பிலிருந்து கேட்பார். "பத்துல ஏழு நாலுக்குக் கீழ இருக்குப்பா, போடலாம்" என்பாள். சராசரியும் வீச்சும், குளோரோஃபில்லும் நைட்ரஜனும், யூரியா மூட்டையின் விலையும் ஒரே நோட்டில் வந்துவிட்டன. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது, ஏ.டி.டி. என்று தொடங்கும் ரகங்கள் அங்கிருந்து வந்தவை என்பதையும் அந்த நோட்டை எழுதும்போதுதான் தேடிப் படித்தாள். தாவர மரபியல் பாடம் அப்புறம் அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல் கையெழுத்து வேகம். வாயால் கேட்டால் கடகடவென்று சொல்வார்கள், மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழக்கமிருக்காது. மகள் முதலில் எழுதிய மாதிரித் தேர்வில் இரண்டாவது மணி நேரத்திலேயே விரலை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசி ஐந்து மார்க் கேள்விகள் அப்படியே நின்றுவிட்டன. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் ஒரு முழு வினாத்தாள் என்பது வழக்கமானது. போனில் அலாரம், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது. திருத்துவதைப் பெற்றோர் செய்யாதீர்கள். பிள்ளையின் மனசும் கெடும், மார்க்கும் சரியாக வராது. பக்கத்துப் பள்ளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது இருப்பார், கேட்டால் சந்தோஷமாகத் திருத்தித் தருவார்.

செய்முறையைத் திரையில் பார்த்துச் சமாளிக்க முடியாது. அறிவியல் பாடங்களுக்கு உங்களுக்கு ஒதுக்கும் கல்வி மையத்தில் செய்முறை வகுப்பு எப்போது என்று சேர்ந்த மாதமே நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் சரியான பதில் வராது.

விண்ணப்பத்தில் பெயர் எழுதும் இடத்தில் நிதானமாக இருங்கள். நமக்கு இனிஷியல், படிவத்துக்கு முழுப்பெயர். ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் சேர்க்கைக்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும் பெயரும் பிறந்த தேதியும்தான் பாஸ்போர்ட் வரை கூட வரும். அப்புறம் மாற்றுவதற்கு அலைச்சல் அதிகம். அனுப்புகிற பொத்தானை அழுத்துவதற்கு முன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்துக்கு எழுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.