ஏற்றம் வரும்வரை பொறுக்காத நோட்டீஸ்

பினாங்கின் வடகரையில், தஞ்சோங் பூங்காவிலிருந்து தெலுக் பாஹாங் வரை, கரை தட்டிய படகுகளை இழுத்து அப்புறப்படுத்தும் குத்தகை வேலை எங்களுடையது. இந்த வேலையில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்கிறார்கள். கரையில் நான் பார்த்தவரை, யாரைச் சுலபமாகப் பிடிக்க முடிகிறதோ அவர்மேல்தான் அது முதலில் பாய்கிறது.

மீன்பிடிப் படகின் பக்கவாட்டில் பிபிஎஃப் என்று தொடங்கும் எண் பெரிதாக எழுதியிருக்கும். மீன்வள இலாகாவில் கேட்டால் ஆள் யார், வீடு எங்கே, எல்லாம் தெரிந்துவிடும். வெளிநாட்டுக் கொடி கட்டிய உல்லாசப் படகுக்கு உரிமையாளர் ஊரிலேயே இருக்கமாட்டார். கம்பெனி பெயரில் பதிவு, கடிதம் போகும், பதில் வராது. விடியலுக்கு முன் அடிக்கும் சுமத்ரா காற்றில் இரண்டும் ஒன்றாக ஒதுங்கினாலும் மீனவரின் சின்னப் படகான சம்பானுக்கு மறுநாளே அகற்றச் சொல்லி நோட்டீஸ், மற்றது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஒருமுறை நமக்குத் தெரிந்த ஒரு அதிகாரியிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, நம்பர் இருக்கிற படகுக்குத்தானே நான் எழுத முடியும்?" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அதனால்தான் இது ஒரு அதிகாரியின் குணத்தைப் பற்றிய பேச்சு இல்லை என்கிறேன்.

நோட்டீஸில் போடும் கெடுதான் மிகப் பெரிய அநியாயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் தண்ணீர் உயர்ந்து வரும் பெரிய ஏற்றத்தில்தான் படகு கரையில் உயரமாக ஏறி உட்காரும். அதைத் திரும்ப மிதக்கவிட அதே உயரத் தண்ணீர் வேண்டும். அது வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஒரு வாரக் கெடு கொடுத்தால் மீனவர் என்ன செய்வார்? தினக்கூலிக்கு இயந்திரம் பிடித்து இழுக்கவேண்டும், அல்லது அபராதம் கட்டவேண்டும். கடன் வாங்கி இழுத்தவர்களை நான் அறிவேன். உல்லாசப் படகைச் சுற்றி ஒவ்வொரு ஏற்றத்திலும் மணல் சேரும், அடித்தண்டு புதையும், செலவு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி இழையால் ஆன அதன் உடலை உடைத்தாலும் வாங்க ஆளில்லை. கடைசியில் வரிப்பணத்தில்தான் தூக்கவேண்டும்.

கப்பல் சிதைவுகளை அகற்றுவதற்கான நைரோபி உடன்படிக்கை 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் அதில் இருக்கிறது. ஆனால் அதன் கட்டாயக் காப்பீடு 300 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குத்தான். எங்கள் கரையில் ஒதுங்குவது எதுவும் அந்த அளவுக்கு வராது.

அப்புறம் எல்லைத் தகராறு. ஏற்றக் கோட்டுக்கும், தண்ணீர் இறங்கி நிற்கும் வற்றக் கோட்டுக்கும் நடுவிலுள்ள கரை மாநில நிலம், நில அலுவலகத்தின் பொறுப்பு. அதற்கு மேலே மாநகர் கவுன்சில், மிதந்தால் கடல்துறை. ஒரே படகு காலையில் ஒருவர் கையில், சாயங்காலம் இன்னொருவர் கையில்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. யார் படகானாலும் முதலில் டீசலை இறக்கிப் படம் எடுத்துவிடுங்கள், மோட்டாரை உரிமையாளருக்காகப் பத்திரப்படுத்துங்கள். உல்லாசப் படகு நங்கூரமிடும்போதே ஊரில் பொறுப்பேற்கும் ஒருவர் பெயரையும் ஒரு வைப்புத் தொகையையும் வாங்கிக்கொள்ளுங்கள். கெடுவை அடுத்த பெரிய ஏற்றம் வரை வையுங்கள், இரண்டு வகைப் படகுக்கும். ஏற்றவற்ற அட்டவணை ஆண்டுதோறும் வெளியாகிறது. தேதியைப் பார்த்து நோட்டீஸில் எழுத ஒரு நிமிடம் போதும்.