பாம்பன் கொயரும் சென்னை வயலின்களும்

சம்பளம் இல்லாமல் பாடுகிறவர்களையும் வாசிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களையும் ஒரே மேடையில் ஏற்றலாமா என்று கேட்டால், தாராளமாக ஏற்றலாம், ஆனால் ஒத்திகைக்கு நேரம் கொடுங்கள் என்பேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ராமநாதபுரத்தில் எங்கள் பாம்பன் கொயரும், அதாவது சர்ச் பாடகர் குழுவும், பக்கத்து ஊர்க் கொயர்களும் சேர்ந்து பாட, சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குக்கு வாசிக்கும் வயலின் கலைஞர்களும், வயலினின் பெரிய அண்ணன் மாதிரி அடிக்குரலில் ஒலிக்கும் செல்லோ கலைஞர்களும் வந்து வாசித்தார்கள். அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை, அதான் எழுதுகிறேன்.

ஆண்களில் அடிக்குரலில் பாடுகிற எங்கள் பேஸ் வரிசையில் பாதிப் பேர் விசைப்படகில் போகிறவர்கள். திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. ஆகவே ஒத்திகை செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம். செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள் அன்று காலையில்தான் மீனை இறக்கி, வலையைச் சரிபார்த்துவிட்டு வந்திருப்பார்கள், ராத்திரித் தூக்கம் கிடையாது, இருந்தும் வந்து நிற்பார்கள்.

முதல் சிக்கல் சுருதியில் வந்தது. சர்ச்சில் யாருக்காவது தொண்டை கட்டியிருந்தால் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டி இறக்கிக்கொள்வோம். வயலினில் அப்படி ஒரு பட்டன் கிடையாது, எல்லாருடைய நோட்ஸையும் திரும்ப எழுத வேண்டும். நாங்கள் ஈ ஃப்ளாட் சுருதியில் பாடிவந்த ஒரு பாட்டை, ஆரம்பத்திலேயே டி மேஜர் சுருதிக்கு மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள். வயலினின் நான்கு தந்தியும் ஜி, டி, ஏ, ஈ. டி மேஜரில் அந்த நான்குமே உள்ளே வரும் சுரங்கள், அதனால் ஒலி விரிந்து கேட்கும். உச்சக்குரலில் பாடுகிற சோப்ரானோ அக்காமாருக்கு அரைச்சுரம் இறங்கியதில் நிம்மதி, பேஸ் அண்ணன்மார்தான் அடியில் இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருந்தது.

அப்புறம், கையசைத்து இசையை நடத்துகிற நடத்துநர் "முப்பத்திரண்டாவது பாரிலிருந்து" என்பார், எங்கள் பாட்டு நோட்டில் வரிகள்தான் இருக்கும், தாளக் கட்டத்தைக் குறிக்கும் பார் எண் ஏது? எங்கள் மாஸ்டர் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கு மேலேயும் சிவப்புப் பேனாவில் எண் போட்டுக் கொடுத்தார். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கீபோர்டின் ரிதம் பின்னால் ஓடாமல் பாடுவதுதான் நிஜமான வேலை. கீபோர்டில் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும், காதை அதில் வைத்தால் போதும். இங்கே செல்லோ ஒலி காதுக்கு வரட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடுவோம், நடத்துநரின் கை இறங்கும்போதே நம் வாயிலிருந்து எழுத்து வந்திருக்க வேண்டும். "கேட்டுட்டுப் பாடாதீங்கண்ணே, பார்த்துட்டுப் பாடுங்க" என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கரைவலை இழுத்துப் பழகிய பெரியவர்கள்தான் இதை முதலில் பிடித்தார்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டில் ஒருவர் எடுத்துக்கொடுக்கும்போதே மற்றவர்கள் மூச்சை வாங்கித் தயாராக நிற்பார்களே, அந்தப் பழக்கம்.

"டிராக் போட்டுவிட்டுப் பாடுங்களேன், எதற்கு இவ்வளவு செலவு" என்று, முன்பே பதிவு செய்த இசையை மனதில் வைத்துச் சிலர் கேட்டார்கள். டிராக் நமக்காக மூச்சு விடாது. ஓரிடத்தில் நாங்கள் ஒரு சொல்லை நீட்டியபோது வயலின்காரர்கள் வில்லை மெதுவாக்கி எங்களோடு வந்தார்கள், முதல் வரிசையில் நின்ற எனக்கு அந்த வில் மெதுவாவது கண்ணுக்கே தெரிந்தது. லண்டன் சிம்பொனி கோரஸ் 1966இல் தொடங்கியது, அதில் பாடுகிறவர்கள் சம்பளம் வாங்காதவர்கள், உலகின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஒன்றோடு பாடுகிறார்கள். ஜப்பானில் ஒசாகாவில் 1983 முதல் டிசம்பர்தோறும் பத்தாயிரம் பேர் கூடி பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியைப் பாடுகிறார்கள், பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். நம் கடற்கரையில் குரலுக்கு என்ன குறை?

அடுத்த வருஷம் சேர்ந்து செய்கிற ஒத்திகை ஒரு நாளோடு நிற்கக் கூடாது. நிகழ்ச்சிக்கு முந்தின வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, செல்லோக்காரர்கள் மட்டுமாவது பாம்பனுக்கு வரட்டும், பேஸ் வரிசை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடிப் பழகட்டும். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.