யுவர் கால்

"யுவர் கால்" என்று பெரியவர் சொன்னபோது தலை நிமிரவில்லை. பேஸ்பால் ஸ்கோர் புத்தகத்தின் ஒரு கட்டத்துக்குள் 'கே' எழுத்தைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் அழுத்திக்கொண்டிருந்தார். மட்டையை அசைக்காமலே நின்று, நடுவர் மூன்றாவது ஸ்ட்ரைக் என்று சொன்னதால் வெளியேறியவனுக்கு உரிய குறி அது. அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு, உன் விருப்பப்படி செய்துகொள் என்றும் பொருள் உண்டு. இங்கே நடுவர் நீதான், தீர்ப்பைச் சொல் என்றும் பொருள் உண்டு. எந்தப் பொருளில் சொன்னீர்கள் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதால் இத்தனை ஆண்டுகளாக நானே இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அது 2015ஆம் ஆண்டின் கோடை. எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர் முதல் பயிற்சியாளர்வரை எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அவரை அப்படி அழைக்க எனக்கு மட்டும் கடைசிவரை வாய் வரவில்லை, மனத்துக்குள் அவர் பெரியவர்தான். பேஸ்பால் எழுத்துக்கான வாழ்நாள் விருதுக்கு அவர் பெயரைப் பரிசீலிக்கும்படி ஒரு பக்கக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் நிருபர் அல்லன். இரவு டெஸ்க்கில் பிறர் எழுதியதைத் திருத்துகிறவன், கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பாலின் இலக்கணத்தையே அவருடைய செய்திகளைத் திருத்தித் திருத்திக் கற்றவன். அவருடைய வரிகளை என்னைவிட அதிகமாகப் படித்தவர் யாரும் இல்லை என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்கள்.

அந்த விருதை 1908இல் தோன்றிய அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் 1962 முதல் வழங்கிவருகிறது. சங்கத்தின் குழு மூவரைத் தேர்ந்தெடுக்கும். பத்தாண்டுக்கு மேல் உறுப்பினராக இருப்பவர்கள் வாக்களிப்பார்கள். டிசம்பரில் பெயர் வெளிவரும். அடுத்த ஜூலையில், பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் உள்ள கூப்பர்ஸ்டவுனில் மரியாதை நடக்கும். விருது பெற்றவர்களை 'ஹால் ஆஃப் ஃபேம் எழுத்தாளர்' என்று யாராவது எழுதிவிட்டால் பெரியவருக்குப் பொறுக்காது. வீரர்களுக்கு உள்ளதைப் போன்ற வெண்கலப் பலகை இவர்களுக்குக் கிடையாது, கண்காட்சியில் ஓர் இடம் மட்டுமே உண்டு என்று திருத்துவார். அந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருந்த மனிதர் விருதை விரும்பவில்லை என்று நான் நம்பவில்லை.

முப்பத்தொரு ஆண்டுச் செய்திகளையும் பழைய கோப்புகளிலும் மைக்ரோஃபிலிமிலும் தேடினேன். பன்னிரண்டு இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தின் செய்தியைக் கடைசிப் பந்து விழுந்த நான்காவது நிமிடத்தில் அனுப்பியவர் அவர். அதில் ஒரு பெயரின் எழுத்துக்கூடத் தவறியிருக்காது. எடுத்து வைக்க எவ்வளவோ இருந்தது. அதற்கு நடுவே 1984 அக்டோபரில் அவர் எழுதிய ஒரு பத்திக் கட்டுரையும் இருந்தது.

அந்த மாதம் 2ஆம் தேதி சிகாகோவில் கப்ஸ் அணி சான் டியேகோவை 13–0 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் ஹார்ட்ஃபோர்ட் கூரண்ட் பத்திரிகையின் கிளேர் ஸ்மித், தோற்ற அணியின் உடை மாற்றும் அறைக்குள் செய்தி சேகரிக்கச் சென்றார். பெண் என்பதற்காக அவரை வசைபாடி வெளியே தள்ளினார்கள். அந்த அணியின் ஸ்டீவ் கார்வி மட்டும் வெளியே வந்து நின்று அவருக்குப் பேட்டி கொடுத்தார். இதைப் பற்றித்தான் பெரியவர் எழுதியிருந்தார். வசவைக் கண்டித்துத் தொடங்கிய அந்தக் கட்டுரை, பெண்கள் அந்த அறைக்குள் போகவே வேண்டாம், வெளியே ஒரு மேசை போட்டுக் கொடுத்தால் போதும் என்று முடிந்தது. நடை நன்றாக இருந்தது. அதனால்தான் படிக்கும்போது இன்னும் சங்கடமாக இருந்தது.

அச்சுப்படியை அவர் முன்னால் வைத்து, "இதைக் குறிப்பில் சேர்க்கட்டுமா?" என்று கேட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் டெஸ்க்குக்கு வந்து, தொலைக்காட்சியில் ஓடும் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதுவது அவர் வழக்கம். ஒரு முறை பார்த்தார். அப்போது சொன்னதுதான் அந்த இரண்டு சொற்கள்.

நான் சேர்க்கவில்லை. குறிப்புக்கு ஒரு பக்கம்தான் அனுமதி என்பது உண்மை. ஒருவருக்காகப் பரிந்துரை எழுதுகிறவன் அவருக்கு எதிரான சாட்சியையும் தானே கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை என்பதும் ஒரு நியாயம். 1984க்குப் பிறகு அவர் மாறினார் என்பதற்கு என் கண்ணே சாட்சி. 2004இல் அவர் எழுதிவந்த அணியைப் பற்றி எழுதும் பொறுப்பு ஒரு பெண் நிருபரிடம் வந்தபோது, தன் தொலைபேசி எண் புத்தகத்தையே அவர் கையில் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பென்சில் குறிப்பு இருக்கும்: இவன் காலை பத்துக்கு முன் எடுக்கமாட்டான், இவனிடம் தோற்ற நாளில் பேசாதே, இவன் மனைவி எடுத்தால் முதலில் குழந்தைகளை விசாரி. ஒரு நிருபர் தன் வாழ்நாள் சொத்தை எழுதிக் கொடுத்ததற்குச் சமம் அது.

ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தையும் நான் குறிப்பில் எழுதவில்லை. எழுதினால், ஏன் அது பெரிய செய்தி என்று விளக்க வேண்டியிருக்கும். விளக்கினால் 1984 வந்துவிடும். தவறை மறைக்கப் போய், அவர் தம்மைத் திருத்திக்கொண்டதையும் சேர்த்து மறைத்திருக்கிறேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அவருக்கு விருது கிடைக்கவில்லை. இறுதி மூவரிலும் பெயர் வரவில்லை. 2016 டிசம்பரில், 2017ஆம் ஆண்டுக்கான விருது கிளேர் ஸ்மித்துக்கு என்று செய்தி வந்தது. அதைப் பெறும் முதல் பெண் அவர். அன்று மாலை பெரியவர் திரையைப் படித்துவிட்டு, "சரிதான்" என்றார். இதையும் நான் பல விதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன்.

2021 பிப்ரவரியில் விருதின் பெயரே மாறியது. அதுவரை அது ஜே. ஜி. டெய்லர் ஸ்பிங்க் பெயரில் இருந்தது. 1962இல் முதல் விருதும் அவருக்கே. செயின்ட் லூயிஸிலிருந்து வந்த ஸ்போர்ட்டிங் நியூஸ் வார இதழை 1914 முதல் நடத்தியவர். அந்த இதழ் 1942 ஆகஸ்டில், கறுப்பின வீரர்களைப் பெரிய லீகுகளில் சேர்க்கும் பேச்சை எடுப்பதால் யாருக்கும் நன்மையில்லை என்று தலையங்கம் தீட்டியது. மறுபுறம், பிட்ஸ்பர்க் கூரியரில் எழுதிய வெண்டெல் ஸ்மித், பெரிய லீகுகளின் நிறத்தடையைப் பின்னர் உடைத்த வீரர் ஜாக்கி ராபின்சனின் பெயரை, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கியிடம் எடுத்துச் சொன்னவர். கறுப்பினத்தவருக்கான பத்திரிகையில் எழுதுகிறார் என்பதால் சங்கம் அவருக்கு உறுப்பினர் அட்டை தர மறுத்திருந்தது. அவர் 1972இல் இறந்தார். 1993ஆம் ஆண்டுக்கான விருதை அவருக்கு அளித்தபோது அதில் இருந்தது ஸ்பிங்கின் பெயர். பெயர் நீக்கச் செய்தியை அன்றிரவு திருத்தியவன் நான்தான். வெண்டெல் ஸ்மித் பற்றிய வரி கடைசியில் கிடந்தது. அதை மூன்றாவது பாராவுக்கு ஏற்றினேன், மனநிறைவோடு.

ஸ்பிங்க் நாட்டின் வாசகர்களுக்கெல்லாம் சொன்னவர், பெரியவர் ஓர் ஊரின் வாசகர்களுக்கு ஒரு நாள் சொன்னவர். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையல்ல என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு நாளில் அதைப் படித்து, இந்த வேலை நமக்கில்லை என்று ஒதுங்கிய பெண் ஒருத்தி எங்கள் ஊரில் இருந்திருந்தால் அவளுக்கு இந்தத் தராசுப் பேச்சால் என்ன பயன் என்றும் தோன்றுகிறது.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பெரியவர் காலமானார். இரங்கல் கட்டுரையை அந்தப் பெண் நிருபரே எழுதினார். நான்காவது பாராவில் 1984ஆம் ஆண்டுக் கட்டுரை இருந்தது. ஐந்தாவதில் தொலைபேசி எண் புத்தகம் இருந்தது. நான் ஆறு ஆண்டுகளாகச் செய்யத் தெரியாமல் இருந்ததை அவர் இரண்டு பாராவில் செய்திருந்தார். அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. பழைய கோப்புகள் எனக்கு மட்டும் சொந்தமா என்ன?

நீக்கக் கை வரவில்லை. இரண்டு பாராக்களையும் கீழே இறக்கினேன். அவை பதினொன்றாகவும் பன்னிரண்டாகவும் ஆகி, தொடர்ச்சியோடு உள்பக்கத்துக்குப் போயின. இறுதிச் சடங்கு நாளில் பேரப்பிள்ளைகள் காலையில் பார்க்கப்போவது முதல் பக்கத்தைத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அந்த நிருபர் என் மேசைக்கு வந்து, "பதினோராவது பாராவா?" என்று மட்டும் கேட்டார். இடம் போதவில்லை என்றேன். அவர் கையில் அன்றைய தாள் இருந்தது; உள்பக்கம் திருப்பி மடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தின் அடியில், மிஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக, எங்கள் பத்திரிகையின் சந்தா விளம்பரம் ஒன்றை நான்கு அங்குல உயரத்துக்கு நானே வைத்திருந்தேன்.