அம்மா என்.ஆர்.ஐ. இல்லை, வக்கீல் சார்

கோத்தகிரியில் தாத்தா விட்டுப்போன காணித்துண்டுக்காக அம்மா இந்தியாவில் இருக்கும் மாமாவுக்குக் கொடுக்க வேண்டிய அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களை இரண்டு நாட்டுக்கும் பங்கிட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பாதிப் பேர் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறி, மீதிப் பேர் தோட்டத்து லயத்திலேயே தங்கிப்போன குடும்பங்கள் இலங்கை மலையகத்தில் ஏராளம். அவர்களில் யாராவது இதே வேலைக்கு அலையப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தாத்தா உயில் எழுதவில்லை, பாட்டி முன்பே போய்விட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமாவுக்கும் அம்மாவுக்கும் சரிபாதி. மாமா வாங்க ஆள் பார்த்துவிட்டார். அங்கே அவர் பிடித்த வக்கீல் பத்திரத்தை அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் அம்மா 'இந்தியக் குடிமகள், வெளிநாடு வாழ் இந்தியர்', அதாவது என்.ஆர்.ஐ.! துபாயில் இருக்கும் யாருக்கோ அடித்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். அம்மாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்ததே 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான். அதுவரை நாடற்றவர். போன் போட்டுச் சொன்னால், "அதெல்லாம் ஃபார்மட் சார், கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்கிறார்.

முழங்கால் வலியோடு அம்மா ஹட்டனிலிருந்து கண்டி வரை பஸ்ஸில் வந்ததுதான் மிச்சம். இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் அடையாள அட்டையையும் பத்திரத்தையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கத்தானே செய்வார்கள்.

ஆனால் பெரிய இடி அதற்கப்புறம். தெரிந்தவர் மூலம் கோயம்புத்தூரில் ஓர் இளம் வக்கீலிடம் பேசினோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ரிசர்வ் வங்கி அனுமதி வாங்கிட்டீங்களா?" இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகளில் இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ், சீனா, நேபாளம் முதலிய சில நாடுகளின் குடிமக்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் அங்கே காணி வாங்கவும் முடியாது, கைமாற்றவும் முடியாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும்தான் விலக்கு. இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் கதை வேறு. முதல் வக்கீல் இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. 'என்.ஆர்.ஐ.' என்று போட்ட பத்திரத்தோடு விற்பனை நடந்திருந்தால் மாட்டுவது அம்மா, அவர் இல்லை.

புதுப் பத்திரம் சரியாக வந்தது. அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் அதில் மாமாவுக்கு அதிகாரம் எழுதினோம். அடுத்த தொல்லை பெயர். பிறப்புச் சான்றிதழில் தோட்டத்துக் கிளாக்கர் எழுதிய தாத்தா பெயர் ஒன்று, பட்டாவில் இருப்பது ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி (அஃபிடவிட்) முடித்தோம்.

அற்றோணித் தத்துவத்துக்குச் சமாதான நீதவானின் (ஜே.பி.) முத்திரை போதும் என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதீர்கள். இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, இந்தப் பத்திரத்தை உறுதிப்படுத்தக்கூடியவர்கள் நொத்தாரிசு, நீதிமன்றம், நீதிபதி, நீதவான், இந்தியத் தூதரக அதிகாரி என்று பட்டியல் போடுகிறது. நம் ஊர் ஜே.பி. அதில் வரமாட்டார். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோகவும் வேண்டாம், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும்.

பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள், என்று வந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மாமா உறையைப் பத்திரத்தோடு சேர்த்துப் பின் அடித்தே வைத்திருந்தார். தீர்வை கட்டியாகிவிட்டது. வாங்க வந்தவர் பொறுமை இழந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். ரிசர்வ் வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.